டாலரில் கடவுள் பெயர்: வாதிடும் முன் பணத்தைப் படிப்பது எப்படி

அமெரிக்கப் பணத்தில் 'இன் காட் வீ டிரஸ்ட்' (கடவுளையே நம்புகிறோம்) என்ற வாசகம் இருக்கலாமா, கூடாதா? பட்டிமன்றத்திலோ வகுப்பிலோ இதைப் பேசப் போகிறவர்கள் முதலில் சறுக்குவது தேதிகளில்தான். நாட்டை நிறுவிய முன்னோரே பொறித்தது என்பார் ஒருவர். 1950களில் கம்யூனிச எதிர்ப்பு வேகத்தில் நுழைத்தது என்பார் இன்னொருவர். முதல் கூற்று தவறு, இரண்டாவது பாதி உண்மை. இரண்டையும் காசை வைத்தே நிரூபிக்கலாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் பக்கவாட்டில் சாய்ந்து விழும் விளக்கொளியும் போதும். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பளபளப்பாக்கத் தேய்க்கவே கூடாது; தேய்ந்த எழுத்தில் மிச்சமிருப்பதும் போய்விடும். தங்கக் காசுகளுக்குப் பெரிதாக அச்சிட்ட படமே போதும்.

1864-ஆம் ஆண்டின் இரண்டு சென்ட் வெண்கலக் காசிலிருந்து தொடங்குங்கள். இந்த வாசகம் புழக்கத்துக்கு வந்த முதல் காசு அதுதான். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல், பென்சில்வேனியாவின் பாதிரியார் வாட்கின்சன், காசில் கடவுளைக் குறிப்பிட வேண்டும் என்று கருவூலச் செயலர் சால்மன் சேஸுக்குக் கடிதம் எழுதினார். சேஸ் அதை ஏற்று, நாணயச் சாலை இயக்குநர் ஜேம்ஸ் பொல்லாக்கிடம் வாசகம் தயாரிக்கச் சொன்னார். வந்த வாசகத்தை 1863 டிசம்பரில் தானே திருத்தினார். 1864 ஏப்ரல் 22 சட்டம் அதற்கு வழிவிட்டது. கேடயத்துக்கு மேலே உள்ள ரிப்பனில் எழுத்துகளைப் பாருங்கள். 'காட்' என்பதன் கடைசி எழுத்து ஒடுங்கியும், 'டிரஸ்ட்'டின் முதல் எழுத்து ரிப்பன் மடிப்பிலிருந்து ஏறக்குறைய 1 மி.மீ. தள்ளியும் இருந்தால் அது பெரிய எழுத்து வகை. அந்த முதல் எழுத்து மடிப்பை ஒட்டியே இருந்தால் சிறிய எழுத்து வகை, அது அரிது. தேய்ந்த காசில் முதலில் மங்குவது 'வீ' என்ற சொல். அது தெரியாததால் வேறு வாசகம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்து ஐந்து சென்ட் காசுகளை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். 1866-இல் வந்த கேடயக் காசில் வாசகம் உண்டு. 1883-இல் வந்த சுதந்திர தேவி தலைக் காசிலும், 1913 முதல் வந்த எருமைக் காசிலும் இல்லை. 1938-இல் ஜெஃபர்சன் காசோடு திரும்பி வருகிறது. ஒரு சென்ட்டில் 1909 முதலும், பத்து சென்ட்டில் 1916 முதலும் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேல் ஐந்து சென்ட்டில் கடவுள் பெயர் இல்லாமலே அந்த நாடு கொடுக்கல் வாங்கல் செய்தது. 'எடுத்துவிட்டால் நாடு நாத்திகமாகிவிடும்' என்பவருக்கு இந்த வரிசையைக் காட்டினால் போதும்.

நோட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு டாலர் வெள்ளிச் சான்றிதழ் நோட்டுகளில் (அன்று வெள்ளிக்கு மாற்றக்கூடியவை; நீல முத்திரை இருக்கும்) 1935 வரிசை ஒன்றையும் 1957 வரிசை ஒன்றையும் பின்பக்கம் மேலாக வையுங்கள். 1957 நோட்டில், நடுவிலுள்ள பெரிய 'ஒன்' என்ற சொல்லுக்கு மேல் வாசகம் இருக்கும். 1935 நோட்டில் பிரமிடும் கண்ணும் இருக்கும், வாசகம் இராது. ஆனால் 1935 ஜி வரிசையில் வாசகம் உள்ளதும் இல்லாததும் என இரண்டுமே உண்டு. 1935 ஹெச்சில் எல்லாவற்றிலும் உண்டு. இதைப் பார்த்து '1935-லேயே இருந்ததே' என்று கிளம்பிவிடக் கூடாது. வரிசை ஆண்டு அச்சிட்ட ஆண்டு அல்ல. ஜியும் ஹெச்சும் 1960களில் அச்சானவை. 1955 ஜூலை 11 அன்று ஜனாதிபதி ஐசனாவர் கையெழுத்திட்ட சட்டம் எல்லாப் பணத்திலும் வாசகத்தைக் கட்டாயமாக்கியது. புது அச்சு இயந்திரங்களுக்கு மாற மாறத்தான் அது நோட்டில் ஏறியது. முதல் நோட்டு 1957 அக்டோபரில் புழக்கத்துக்கு வந்தது. காசுகளில் முன்பே இருந்ததால், 1950களின் பங்கு நோட்டில்தான். முன்னே சொன்ன 'பாதி உண்மை' இதுதான்.

2007-இன் ஜனாதிபதி டாலரில் (ஜனாதிபதிகளின் உருவம் பொறித்த ஒரு டாலர் காசு) வாசகம் விளிம்பில் இருந்தது. விளிம்பு எழுத்து தனி இயந்திரத்தில் விழுவதால், அதற்குள் போகாமல் தப்பிய காசுகள் வெறும் விளிம்போடு வெளியே வந்தன. சதி என்று பேசியவர்களும் உண்டு. நடந்தது தொழிற்சாலைத் தவறு. விளிம்பை அராவி ஏமாற்றுவோரும் இருப்பதால் அளந்து பாருங்கள்: எடை 8.1 கிராம், விட்டம் 26.5 மி.மீ. இருக்க வேண்டும். 2009 முதல் வாசகம் காசின் முகப்புக்கு வந்துவிட்டது.

இனி வாதம். கூடாது என்று பேசுகிறவர்கள் நாத்திகரின் உரிமையிலிருந்தே தொடங்குகிறார்கள். அதைவிட வலுவான சாட்சி அன்றைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். 1907-இல் சிற்பி செயின்ட் காடன்ஸ் வடிவமைத்த 10, 20 டாலர் தங்கக் காசுகள் வாசகமின்றி வெளிவந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ரூஸ்வெல்ட் கடவுள் நம்பிக்கை உள்ளவர். புனிதமான சொல்லைக் காசில் பொறித்தால் மரியாதை வளராது, அது தெய்வ நிந்தனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்று அந்த நவம்பரில் எழுதினார்.

அவர் அஞ்சியது பின்னாளில் நீதிமன்றத்தில் எழுத்தாகவே வந்தது. 1970-இல், வாசகத்தை எதிர்த்துத் தொடுத்த அரனோ வழக்கில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வாசகத்தைக் காப்பாற்றியது; அதற்குச் சொன்ன காரணம், அது தேசபக்தியும் சடங்கும் சார்ந்தது, மதத்தை நிறுவுவதோடு தொடர்பில்லாதது என்பது. கடவுள் பெயர் காசில் நிலைக்க, அதற்கு மத அர்த்தம் இல்லை என்று வாதாட வேண்டியிருக்கிறது. பக்தர் எப்படி இதற்கு மகிழ முடியும்? எதிர்த்தரப்பிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெயரே வேண்டாம் என்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பு சொல்லப்போவதும் தயாராக இருக்கட்டும். 1908 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ரூஸ்வெல்ட்டின் கருத்தை மீறி வாசகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஆகவே 1908-இன் 20 டாலர் காசில் இரு வகையும் உண்டு. மக்கள் பிரதிநிதிகளின் விருப்பம் இது என்று அவர்கள் சொல்வது சரி. மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, பெரும்பான்மை விரும்பியதாலேயே அது பொருத்தமாகிவிடுமா என்பதற்கு நகருங்கள். நேரம் குறைவென்றால் ஐந்து சென்ட் வரிசையையும் அரனோ தீர்ப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.