வேலூர் வெயிலில் நடைபிணம் எத்தனை நாள் தாங்கும்: கணக்கிடும் முறை

கதைகளிலும் படங்களிலும் வரும் ஜாம்பிகள், அதாவது நடைபிணங்கள், தாமாகவே அழுகி ஒழிந்துபோகுமா என்ற கேள்விக்குப் பொதுவாக விடை தேடினால் வாதம்தான் வளரும். ஓர் ஊரையும் ஒரு மாதத்தையும் குறித்துக்கொண்டு நாட்கணக்குப் போட்டால் ஏதாவது ஒரு முடிவுக்கு வரலாம். இங்கே ஊர் வேலூர்; மாதம், கத்திரி வெயில் கொளுத்தும் மே.

முதலில், நடப்பது பிணமா, நோய் முற்றி வெறிகொண்ட மனிதரா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மனிதர்தான் என்றால் அழுகல் கணக்கே தேவையில்லை. தண்ணீர் குடிக்கத் தெரியாத உடம்பு அந்த வெயிலில் சில நாட்களிலேயே சுருண்டுவிடும். பிணம் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

தசை இயங்குவதற்கு ஏடிபி என்ற வேதிப்பொருள் வேண்டும். இறந்தபின் அது தீர்ந்துபோவதால் உடம்பு விறைக்கிறது. சில மணி நேரத்தில் தாடையில் தெரியத் தொடங்கி, பிறகு கைகால்களுக்குப் பரவுகிறது. வாய் திறந்தபடியே விறைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நம் வீடுகளில் உயிர் பிரிந்தவுடன் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டுகிறார்கள். ஆகவே பிணம் நடக்கிறது என்பதே கதைக்கு நாம் கொடுக்கும் ஒரு சலுகை. அந்த ஒரு சலுகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கிருமிகளும் ஈக்களும் வேலைநிறுத்தம் செய்யும் என்று இரண்டாவது சலுகையையும் கொடுத்துவிட்டால் கணக்குப் போட எதுவும் மிஞ்சாது.

அடுத்தது வெப்பத்தைக் கணக்கில் சேர்ப்பது. டென்னசி பல்கலைக்கழக ஆய்வுகளின் வழியாக அர்பாட் வாஸ் என்ற ஆய்வாளர் தந்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு: தரையில் கிடக்கும் உடல் எலும்புக்கூடாகவோ வற்றிய கூடாகவோ மாற ஆகும் நாட்களை அறிய, 1285 என்ற எண்ணைச் சராசரி வெப்பநிலையால், அதாவது செல்சியஸ் பாகையால், வகுக்க வேண்டும். மே மாத வேலூருக்கு இரவும் பகலும் சேர்ந்த சராசரியை 33 என்று வைத்தால் 39 நாள் வருகிறது. மார்கழியில் 24 என்று வைத்தால் 53 நாளைத் தாண்டும். ஏலகிரி மலை வேலூரைவிட ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் என்பதால் 6 பாகை குறைத்துக்கொள்ளலாம். அங்கே மே மாதத்தில் 48 நாள் ஆகும்.

ஆனால் எலும்புக்கூடாகும் நாள் வேறு, நடை நிற்கும் நாள் வேறு. பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். ஈ முட்டையிட்ட ஒரு நாளுக்குள் புழு வெளிவருகிறது. ஒரு வாரத்துக்குள் அது மென்தசையைத் தின்று கொழுத்துவிடும். வெளியூரிலிருந்து மகன் வரும்வரை காத்திருக்கும் வீட்டில், ‘உடம்பு தாங்காது, சீக்கிரம் எடுத்துவிடுங்கள்’ என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவது இதை அறிந்துதான். ஆகவே நடை நிற்பதற்குச் சூத்திரம் தரும் நாட்களில் கால் பங்கு, அதாவது மே மாதத்தில் 10 நாள் என்று நான் வைப்பேன். இது என் மதிப்பீடே தவிர ஆய்வு முடிவு அல்ல.

விதிவிலக்குகளையும் சேர்க்க வேண்டும். காற்றில் ஒரு வாரத்தில் ஏற்படும் அழுகலுக்கு நீரில் இரண்டு வாரமும் மண்ணுக்குள் எட்டு வாரமும் ஆகும் என்பது தடயவியலில் காஸ்பர் பெயரால் வழங்கும் பழைய விதி. கோட்டை அகழியில் விழுந்த நடைபிணத்துக்கு 20 நாளும், பாலாற்று மணலில் புதையுண்டதற்கு 80 நாளும் கொடுக்கலாம். உப்பு மற்றொரு விதிவிலக்கு. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கிவைப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் வெயில் காலத்தில் தோல் மிக விரைவாகக் கெட்டுவிடும். தோல் கிடங்கு ஒன்றில் உப்புக்குள் சிக்கிய பிணம் அழுகாமல் இருக்கக்கூடும், ஆனால் ஈரம் வற்றிய முழங்கால் மடங்காது.

இனித் தொகைக்கணக்கு. ஒவ்வொன்றும் அழுகும் என்பதால் மட்டும் கூட்டம் ஒழிந்துவிடாது. தன் 10 நாள் ஆயுளுக்குள் ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை பேரைக் கடித்துத் தன்னைப்போல் ஆக்குகிறது என்பதே இங்கு முக்கியம். அந்த எண் 0.5 என்றால், 100 நடைபிணங்கள் ஏழு தலைமுறையில், அதாவது 70 நாளில், ஒன்றுக்கும் கீழே போய்விடும். 0.8 என்றால் 21 தலைமுறை, அதாவது 210 நாள் ஆகும். மே மாதத்தில் தொடங்கியது கார்த்திகை வரை இழுக்கும், நடுவில் மழையும் குளிரும் வருவதால் இன்னும் நீளும். எண் 1-ஐத் தாண்டினால், கடிபட ஆள் கிடைக்கும்வரை எந்த வெயிலாலும் பயனில்லை. கதவைத் தாழிட்டு வீட்டுக்குள் இருப்பது அந்த எண்ணைக் குறைக்கத்தான்.

பிணவறையிலும் வீடுகளின் ஐஸ் பெட்டியிலும் இருப்பவர்களைத் தனியாக எழுதிவைக்க வேண்டும். 4 பாகைக் குளிரில் அவர்களுக்கு நாட்கள் மெதுவாகவே நகரும். ஊரில் மின்சாரம் நின்ற நாளைத்தான் அவர்களுக்கு முதல் நாளாகக் கொள்ள வேண்டும்.