பணம் அனுப்பும் முன்: அலுவலகத்தில் போலி மின்னஞ்சலை இனங்காண்பது எப்படி

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியாபாரமானாலும் இளம்பிள்ளை சேலை வியாபாரமானாலும், பில், ஜிஎஸ்டி நோட்டீஸ், வங்கி விவரம் எல்லாம் இன்று மின்னஞ்சலில்தான் வருகின்றன. அதனால் சேலத்துச் சிறு நிறுவனங்களிலும் மோசடிக்காரர்கள் முதலில் குறிவைப்பது கணக்கெழுதுபவரைத்தான்.

அனுப்பியவர் பெயரை நம்பாமல் முழு முகவரியையும் படிக்க வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றால் ‘எம்’ போலவே தெரியும். கைப்பேசியில் பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரிவதால், பணம் தொடர்பானவற்றைக் கணினியில் திறப்பதே நல்லது. லிங்க்கை அழுத்தாமல் அதன்மேல் மவுஸை வைத்தால் உண்மையான முகவரி தெரியும். மத்திய, மாநில அரசுத் தளங்களின் பெயர் பொதுவாக ‘ஜிஓவி.இன்’ என்றே முடியும். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025-இல் வங்கிகள் ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாறின. இவை நடுவில் வந்து, பின்னால் வேறொரு பெயர் தொடர்ந்தால் அது போலி.

லிங்க் எதுவுமே இல்லாத மின்னஞ்சல்தான் இதைவிட ஆபத்தானது. வழக்கமாக நூல் அனுப்பும் வியாபாரியின் பழைய கடிதத் தொடரிலேயே, “எங்கள் கணக்கு தணிக்கையில் உள்ளதால் இந்த பில் தொகையை மட்டும் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும்” என்று வரும். அவருடைய மின்னஞ்சலே திருடனின் கையில் இருப்பதால் முகவரியும் நடையும் சரியாகவே இருக்கும். பதில் எழுதிக் கேட்டால் திருடனே “ஆமாம்” என்பான். எனவே அதில் உள்ள எண்ணை விட்டு, பழைய பில்லில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. முதலாளி பெயரில் “அவசரம், மீட்டிங்கில் இருக்கிறேன்” என்று வந்தாலும் இதே விதிதான். அப்படி அழைத்துக் கேட்பது மரியாதைக் குறைவல்ல என்பதை முதலாளியே ஊழியர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும்.

போலித் தளத்தில் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், வேறொரு கருவியிலிருந்து அதை உடனே மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் குறியீடு போன்ற இன்னொன்றையும் கேட்பது) இயக்கி, வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதேனும் அமைப்புகளில் சேர்க்கப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பலரும் இந்தக் கடைசி வேலையை மறந்துவிடுகிறார்கள். சந்தேகத்துக்குரிய கோப்பைத் திறந்திருந்தால், முதலில் கணினியின் இணையத் தொடர்பைத் துண்டிக்கவும்.

பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, வேறு கணக்குகளுக்கு மாறும் முன் தொகையை முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. திட்டுக்குப் பயந்து ஊழியர் மாலை வரை மறைப்பதே பெரிய இழப்பாக முடியும் என்பதால், சொன்னவரைக் கடிந்துகொள்ளவே கூடாது. அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். சைபர் கிரைம் காவல் நிலையத்தில் அதுவே ஆதாரம்.