குழுவாக ஆடும் மினியேச்சர் போர் ஆட்டம்: முதன்முதலாக மேசைக்கு வருபவர்களுக்கு

நண்பர்கள் ஒரு மண்டபம் எடுத்து நாள் முழுக்க கேரம், கார்ட், போர்ட் கேம் என்று கூடும் இடங்களில் எல்லாரும் நின்று பார்க்கிற மேசை ஒன்று இருக்கும். ஆறடி நீளம், அதன் மேல் மலை, ஆறு, காடு, இரண்டு பக்கமும் விரல் உயரத்துக்கும் குறைந்த படைவீரர்கள். பலர் ஆசையாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விதியெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமே என்ற தயக்கம்தான் காரணம். குழு ஆட்டத்துக்கு அந்தத் தயக்கமே வேண்டாம். பக்கத்துக்கு மூன்று பேர் நிற்கும்போது விதி தெரிந்தவர் ஒருவராவது உங்கள் பக்கம் இருப்பார். உங்கள் பிரிவு என்ன செய்யப்போகிறது என்று வாய் திறந்து சொல்லத் தெரிந்தால் போதும்.

படி 1: பெயர் கொடுங்கள்

உருவங்கள், மேசை, விதித்தாள் எல்லாவற்றையும் பெரும்பாலும் ஆட்டத்தை நடத்துபவரே கொண்டுவருவார். அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: புதியவர் சேரலாமா, எத்தனை மணிக்கு முடியும்? ஆறு பேர் ஆடினால் மூன்று, நான்கு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதியில் எழுந்து போனால் உங்கள் படையையும் சேர்த்துக் கூட்டாளிகள்தான் சுமக்க வேண்டும்.

அப்புறம், ஸ்வெட்டர் கையை முழங்கை வரை மடித்துவிடுங்கள். நம் மலைநாட்டுக் குளிருக்குப் போடுகிற தொளதொளத்த கை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் எட்டும்போது ஒரு வரிசையையே சாய்த்துவிடும்.

படி 2: காட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது கன்னொருவைப் போர். பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலிக்கு அக்கரையில் இருக்கிற அதே கன்னொருவைதான். 1638 மார்ச்சில் தியோகு டி மெலோவின் தலைமையில் போர்த்துக்கேயப் படை கண்டிக்குள் நுழைந்தது. நகரம் காலியாகக் கிடந்தது. அதை எரித்துவிட்டுத் திரும்புகிற வழியில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படை கன்னொருவையில் வளைத்துக்கொண்டது. போர்த்துக்கேயரோடு வந்த, 'லஸ்கரின்' எனப்பட்ட உள்நாட்டு வீரர்கள் அவர்களைக் கைவிட்டார்கள். தளபதியும் உயிரோடு திரும்பவில்லை.

குழு ஆட்டத்துக்கு இது அருமையான காட்சி. போர்த்துக்கேய அணியில் ஒருவருக்கு முன்படை, ஒருவருக்கு நடுப்படை, ஒருவருக்குப் பின்படை. லஸ்கரின் பிரிவுகள் எப்போது கழன்றுகொள்ளும் என்பதை ஒவ்வொரு சுற்றிலும் நடத்துபவர் மறைவாகப் பகடை உருட்டித் தீர்மானிக்கலாம். பக்கத்தில் நிற்பவனை நம்பலாமா என்ற அந்தக் கவலை மேசையிலும் வந்துவிடும். நீங்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நம் அணி எதைச் செய்தால் வெற்றி? கன்னொருவையில் போர்த்துக்கேய அணி எதிரியை அழிக்கத் தேவையில்லை, மேசையின் மறு ஓரத்துக்குத் தப்பிப் போனாலே போதும் என்று வைக்கலாம்.

படி 3: நடுப்படையைக் கேளுங்கள்

புதியவர் என்றதும் "நீங்க ரிசர்வ்ல இருங்க" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரம் சும்மா நிற்க வேண்டிவரும். குதிரைப்படையும் முதல் நாளுக்கு வேண்டாம், அதற்குத் தனி விதிகள் அதிகம். நடுவில் காலாட்படை கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் கூட்டாளிகள் இருப்பார்கள், சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்கலாம்.

படி 4: ஐந்து நிமிடத் திட்டம்

ஆளுக்கு ஒரு வாக்கியம் போதும். "நான் ஆற்றங்கரையைப் பிடிக்கிறேன், நீங்கள் என் இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்." சில மேசைகளில் ஆட்டம் தொடங்கிய பிறகு பேச்சுக்குத் தடை. துண்டுச்சீட்டு எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். இது பழைய முறை. 1824இல் பிரஷ்ய இராணுவம் ஏற்றுக்கொண்ட போர்ப் பயிற்சி ஆட்டத்திலேயே செய்திகள் நடுவர் வழியாகத்தான் போயின. அப்படிப்பட்ட மேசையில் இந்த ஐந்து நிமிடம் இன்னும் முக்கியம்.

படி 5: சொல்லிவிட்டு உருட்டுங்கள்

இதை நிதானமாக வாசியுங்கள். பைக் அண்ட் ஷாட் போன்ற விதிப்புத்தகங்களில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு தளபதி உருவம் உண்டு, அவருக்கு ஒரு திறன் எண் இருக்கும். 8 என்று வைத்துக்கொள்வோம். முதலில் சத்தமாகச் சொல்ல வேண்டும்: "என் துப்பாக்கிப் பிரிவு அந்த மரங்கள் வரை போய் ஆற்றைப் பார்த்து நிற்கும்." அப்புறம் இரண்டு பகடை. கூட்டுத்தொகை 8 அல்லது 7 என்றால் ஒரு நகர்வு, 6 என்றால் இரண்டு, 5 அல்லது அதற்குக் கீழே என்றால் மூன்று. 9 அல்லது அதற்கு மேல் என்றால் கட்டளை போய்ச் சேரவில்லை. இரண்டிலும் 6 விழுந்தால் பிரிவு தன்னிஷ்டத்துக்கு ஓடவும் கூடும்.

36 வாய்ப்புகளில் 26 உங்கள் பக்கம். நல்ல எண்தான், ஆனால் ஒரு முறை தவறினால் அந்தச் சுற்றில் அந்தத் தளபதி வேறு கட்டளையே கொடுக்க முடியாது. அதனால் மிக அவசரமான கட்டளையை முதலில் கொடுங்கள். உங்களுக்குத் தவறினாலும் கூட்டாளிகளின் தளபதிகளுக்கு வாய்ப்பு இருக்கிறது. "எனக்குப் போச்சு, பாலத்தை நீங்கள் பிடியுங்கள்" என்று உடனே சொல்லுங்கள். குழு ஆட்டத்தின் ருசியே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

சொல்லாமல் உருட்டிவிட்டு, விழுந்த எண்ணுக்கு ஏற்றபடி திட்டத்தை மாற்றுவது எந்த மேசையிலும் மரியாதை இல்லை.

படி 6: சுடுவதும் மோதுவதும்

இதற்கு விதித்தாள் பக்கத்திலேயே இருக்கும். பொதுவாக 4, 5, 6 விழுந்தால் அடி பட்டது. எதிரணி தன் மனவுறுதிக்கு உருட்டிச் சில அடிகளைத் தள்ளிவிடும். தூரம் அங்குலத்தில் அளப்பதால் டேப் ஒன்று கையில் இருக்கட்டும். அரை அங்குலத்துக்குச் சண்டை வந்தால் ஒரு பகடை உருட்டி முடித்துவிடுங்கள். உருவத்தை எப்போதும் அடித்தட்டைப் பிடித்துத் தூக்குங்கள். அடுத்தவர் உருவத்தைக் கேட்காமல் தொடாதீர்கள். பிளேன்டி கோப்பை மேசை மேல் வேண்டாம்.

படி 7: சொந்தமாக ஒரு பிரிவு

ஆட்டம் முடிந்ததும் பெட்டியில் அடுக்க உதவுங்கள். அப்போதுதான் நடத்துபவரிடம் பெயின்ட், பசை பற்றியெல்லாம் சாவகாசமாகக் கேட்க முடியும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூடுபனி இருக்கும்போது ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் ஈரம் பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் வருகிற நாளுக்குக் காத்திருங்கள், அல்லது தூரிகையால் பூசுங்கள். மலை செய்ய ரிஜிஃபோம் மலிவு, ஆனால் நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் உருகும். முதலில் தண்ணீர் பெயின்டும் பசையும் கலந்து பூசிக் காயவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரைச் சின்னதாகப் பிய்த்து வரிசையாக ஒட்டினால் தேயிலை மலை தயார். கன்னொருவை ஆட்டத்தில் மட்டும் அதை வைக்காதீர்கள், 1638இல் இங்கே தேயிலை கிடையாது.