போரைக் கண்ட ஊர் தொற்றுக்காலத்தில் விடும் பிழைகள்

"செல்லடிக்குள்ள இருந்தனாங்கள், உந்தக் காய்ச்சலுக்கே பயப்பிடுறது?" 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்ட பிறகு யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தப் பேச்சுக்குக் குறைவிருக்கவில்லை. அது வெறும் வீறாப்பு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் போர் எங்களைப் பழக்கியது வேறொரு ஆபத்துக்கு. சாமானைச் சேர்த்து வை, செய்தியைத் தவறவிடாதே, பயமென்றால் நாலு பேரோடு சேர்ந்திரு, உள்ளே கிடக்கிறதை வெளியே கதையாதே. பங்கருக்கும் இடம்பெயர்வுக்கும் இவை உதவின. தொற்றுக்காலத்தில் இதே பழக்கங்கள்தான் பதகளிப்பைக் கூட்டிவிடுகின்றன. கொவிட்டில் விட்ட பிழைகளை அடுத்த தொற்றிலும் விடாமலிருக்க, ஒவ்வொன்றும் எங்கே பிசகுகிறது என்று பார்க்கலாம்.

மூச்சு முட்டினால் உடனே தீர்ப்புச் சொல்வது

எங்கள் சனம் பயத்தை உடம்பால்தான் சொல்லும். நெஞ்சு பதைக்குது, தலை விறைக்குது, வயிற்றுக்குள்ளே அந்தரமாக் கிடக்கு, பெருமூச்சு வருது. மற்றக் காலத்தில் இதை விளங்கிக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை. தொற்றுக்காலத்தில் அதே மூச்சு முட்டு நுரையீரலிலிருந்தும் வரலாம். இங்கே பிழை இரண்டு பக்கமும் நடக்கிறது. பயத்தில் வந்த மூச்சு முட்டலை நோயென்று நினைத்து இன்னும் பயப்படுவது ஒன்று. உண்மையில் ஒட்சிசன் குறைந்தவரைப் பார்த்து, "அவருக்குச் சும்மா பயம்" என்று வீட்டில் படுக்க வைப்பது மற்றது. இரண்டாவது உயிரைக் கொண்டுபோகும்.

பதகளிப்புத் தாக்கம் சடுதியாக வரும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணித்தியாலத்துக்குள் தணியும். விரல் நுனியும் வாயைச் சுற்றியும் கூசும். அந்த நேரத்தில், விரலில் மாட்டி இரத்தத்து ஒட்சிசனை அளக்கும் ஒக்சிமீற்றரில் போட்டால் 97, 98 என்றுதான் காட்டும். கொவிட் நுரையீரலைப் பிடித்தால் முட்டு மணித்தியாலக் கணக்கில், நாட்கணக்கில் கூடிக்கொண்டு போகும். சிலருக்கு ஒட்சிசன் நன்றாகக் குறைந்த பிறகும் முட்டே தெரியாது. ஆகவே "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று ஒருவர் சொல்வதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

ஒக்சிமீற்றரைப் பிழையாகப் பாவிப்பதும் பரவலாக நடந்தது. நடந்து வந்த கையோடு போட வேண்டாம். 5 நிமிடம் இருந்து, கையைச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு, நடுவிரலிலோ சுட்டுவிரலிலோ மாட்டுங்கள். கையை அசைக்காமல் ஒரு நிமிடம் விட்டு, இலக்கம் நிலைத்து நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். கறுத்தத் தோலில் இந்தக் கருவி உண்மையிலும் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் ஒரு இலக்கத்தை மட்டும் பார்ப்பதைவிட நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 95 அல்லது அதிலும் மேல் என்றால் பொதுவாகப் பரவாயில்லை. 93, 94 என்று நின்றால் அன்றைக்கே வைத்தியரோடு கதைக்க வேண்டும். 92 அல்லது அதிலும் குறைவென்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த எல்லை வேறாக இருக்கலாம், அவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தரம் அளந்தால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருக்கா அளப்பவருக்கு அந்தக் கருவியே பதகளிப்பைக் கொடுக்கத் தொடங்கிவிடும்.

பயந்துபோனவரிடம் "மூச்சை நல்லா இழுத்து விடுங்கோ" என்று சொல்வதும் பிழைதான். ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்குபவர் இன்னும் ஆழமாக இழுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். தலைச்சுற்றும் விரல் கூச்சமும் கூடும், "சாகப் போறன்" என்ற எண்ணம் வலுக்கும். இழுப்பதைச் சின்னதாக்கி, விடுவதை நீட்ட வேண்டும். மூக்கால் 4 செக்கன் இழுத்து, வாயைக் குவித்து 6 செக்கன் விடுங்கள். 5 நிமிடம் போதும். கடதாசிப் பையைப் பிடித்து அதற்குள் மூச்சு விடும் பழைய முறை வேண்டாம், உண்மையில் ஒட்சிசன் குறைந்தவருக்கு அது ஆபத்து.

இதைப் பயம் வந்த பிறகு முதன்முதலாகச் செய்து பார்த்தால் சரிவராது. மனம் அமைதியாக இருக்கும்போது காலையும் மாலையும் பழகி வைக்க வேண்டும். கணக்கெடுத்து மூச்சுவிட விருப்பமில்லாத வயதானவர்களுக்குத் தேவாரத்தை இழுத்துப் பாடுவதும் செபமாலையை ஆறுதலாகச் சொல்வதும் இதே வேலையைச் செய்யும். செபமாலையும் மந்திரமும் சொல்பவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

செய்தியை விடாமல் கேட்பது

மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. அன்றைக்குச் செய்தி அருமை. ஒரு செய்தியறிக்கையைத் தவறவிட்டால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் போகலாம். இப்போது வட்ஸ்அப்பிலும் வைபரிலும் வருகிற ஐம்பது செய்தியில் நாற்பத்தொன்பதைக் கேட்டு நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. செய்ய வழியில்லாத எச்சரிக்கை உடம்பை முறுக்கி வைக்கும், அந்த முறுக்கு எந்தப் பக்கமும் வடிய இடமில்லை.

காலையில் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, ஒவ்வொரு தரமும் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணிக்குப் பிறகு வேண்டாம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் அறிவித்தல்தான் உங்களுக்கு உண்மையில் தேவையான செய்தி. குழுக்களை விட்டு விலகினால் சொந்தக்காரர் குறை நினைப்பார்கள் என்றால் சத்தத்தை நிறுத்தி வையுங்கள், ஒருவருக்கும் தெரியாது.

வெளிநாட்டு அழைப்புகள் தனிச் சிக்கல். லண்டனில் வேலை முடித்து மாலை 6 மணிக்கு மகன் எடுக்கும்போது இங்கே இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. அங்கத்தைய சாவுக் கணக்கைக் கேட்டுவிட்டு அம்மா படுக்கப் போகிறார். பிறகு ஏன் நித்திரை வரும்? அழைப்பைச் சனி, ஞாயிறு பகலுக்கு மாற்றுங்கள். கிழமை நாளில் எடுத்தால் நோயைப் பற்றி முதல் ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு, பிறகு பேரப்பிள்ளை என்ன சாப்பிட்டது, முருங்கை காய்ச்சிருக்கா என்ற கதைக்கு வந்துவிடுங்கள்.

பதகளித்த மனம் எதையாவது செய்யத்தான் துடிக்கும். வதந்தி நுழைவது அந்த வாசலால். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு மருந்துப் பாணி கொவிட்டைத் தடுக்கும் என்று கதை கிளம்பி, ஆயிரக்கணக்கில் சனம் ஓரிடத்தில் நெருக்கியடித்து நின்றது. நோய்க்குப் பயந்து, நோய் பரவ அதைவிட வசதியான இடம் இல்லாத கூட்டத்துக்குள் போனார்கள். படிக்காத சனம் என்று சிரிப்பதில் பயனில்லை. செய்வதற்கு நேரான வேலை இருந்தால் கை அங்கே போகாது. மல்லித் தண்ணி குடிப்பதில் பிழையில்லை. கொதிக்கிற பானைக்கு மேலே முகத்தைக் குனிந்து ஆவி பிடிப்பதில் சுட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு, சின்னப் பிள்ளைகளை அருகிலும் விடக் கூடாது.

"யோசியாதையுங்கோ" என்று அடக்குவது

இதைக் கேட்ட ஒருவரும் யோசிப்பதை நிறுத்தியதில்லை. யோசனையை அடக்கினால் அது இரவு படுக்கைக்கு வரும். அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது பயன் தரும். பின்னேரம் 5 மணியளவில் 15 நிமிடம், ஒரே கதிரை, ஒரு கொப்பி. மனதில் உள்ளதை எல்லாம் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே, நாளைக்கு நான் செய்யக்கூடியது உண்டா இல்லையா என்று குறியுங்கள். அப்பாவின் பிரஷர் குளிசை முடியப் போகிறது என்றால் செய்ய வேலை இருக்கிறது, நாளும் நேரமும் போடுங்கள். தொற்று எப்போது முடியும் என்றால் இல்லை, கொப்பியை மூடுங்கள். மற்ற நேரத்தில் அந்த யோசனை வந்தால் ஐந்து மணிக்குப் பார்க்கலாம் என்று தள்ளி வையுங்கள். முதல் கிழமை இது விசர்வேலை மாதிரித்தான் தெரியும். இரண்டாம் கிழமையிலிருந்து பலருக்குப் பிடிபடும்.

நித்திரை பற்றிச் சுருக்கமாக. எழும்பும் நேரத்தை மாற்றாதீர்கள், ஊரடங்கென்றாலும். பகல் நித்திரை அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். தேத்தண்ணியும் கோப்பியும் பிற்பகல் 3 மணியோடு சரி. படுத்து 20 நிமிடமளவில் கண் மூடாவிட்டால் எழும்பிப் போய் வேறிடத்தில் இருங்கள், கைத்தொலைபேசி இல்லாமல்.

மருந்தோடு விளையாடுவது

பழைய உளநோயாளிகள் திரும்பக் குழம்பிப்போக முக்கிய காரணம் மருந்து விடுபட்டதுதான். யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உளநலக் கிளினிக்குக்குப் போகிறவர்கள், வீட்டில் எப்போதும் இரண்டு கிழமை மருந்து மிச்சமிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கிளினிக் கொப்பியை, மருந்தின் பெயரும் அளவும் தெரியும்படி, படம் பிடித்து வையுங்கள். போகமுடியாத நிலை வந்தால் கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், 2020இல் தபால் மூலம்கூட வீடுகளுக்கு மருந்து போனது.

சில மருந்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். லிதியம் எடுப்பவருக்குக் காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் வந்து உடம்பில் நீர் குறைந்தால் மருந்து இரத்தத்தில் கூடி நஞ்சாகும். கை கடுமையாக நடுங்குதல், நடை தள்ளாடுதல், கதை குழறுதல் கண்டால் உடனே வைத்தியசாலைக்கு. அவர்களுக்கு இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற நோக்குளிசைகள் கொடுக்கக் கூடாது. பனடோல் கொடுக்கலாம்: வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேற்படாமல். மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் குறைய.

குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் "கொவிட்தான்" என்று விட்டுவிடக் கூடாது, அன்றே இரத்தத்தைச் சோதித்து வெண்குருதிக் கலங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். 48 மணித்தியாலத்துக்கு மேல் குளோசபின் விடுபட்டிருந்தால் பழைய அளவை அப்படியே தொடங்காதீர்கள். வைத்தியர் சிறிய அளவில் திரும்பத் தொடங்குவார்.

பக்கத்து வீட்டு நித்திரைக் குளிசை வேண்டவே வேண்டாம். டயசிபாம், அல்பிரசோலம் போன்றவை அன்றைக்குச் சுகமாகத்தான் இருக்கும். சில கிழமைகளிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், வயதானவர் இருட்டில் விழுவார், நுரையீரல் நோய் உள்ள நேரத்தில் மூச்சையும் மந்தமாக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளுஒக்செற்றின், செர்ட்ரலின் போன்றவை நேர்மாறு. பலன் தெரிய இரண்டு தொடக்கம் நான்கு கிழமை எடுக்கும், முதல் கிழமை பதகளிப்பு கொஞ்சம் கூடவும் கூடும். "சரிவரவில்லை" என்று ஆறாம் நாள் நிறுத்துவதுதான் இங்கே வழக்கமான பிழை.

தவறணை பூட்டினால் நல்லதுதானே என்று வீட்டுக்காரர் நினைப்பார்கள். நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் சடுதியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாததைக் காண்பது, ஆளை மட்டுக்கட்டாமல் பிதற்றுவது, காய்ச்சல், நடுக்கம் தொடங்கினால் அது அவசர நோய். கட்டி வைக்கிற, பேயோட்டுகிற விசயம் கிடையாது. வைத்தியசாலையில் மருந்து கொடுத்து மெல்ல இறக்குவார்கள்.

ஏற்றிச் செல்லும்போது விளக்கம் சொல்லாமல் விடுவது

இது உத்தியோகத்தர்களுக்கும் அயலவர்களுக்கும் உரியது. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் உள்ள ஊரில், தனிமைப்படுத்தலுக்கென்று சீருடைக்காரர் வந்து வீட்டுக்காரரை வாகனத்தில் ஏற்றுவதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. எங்கே கொண்டு போகிறார்கள், எத்தனை நாள், எந்த இலக்கத்தில் கதைக்கலாம், யார் பொறுப்பு என்ற நான்கையும் கடதாசியில் எழுதி வீட்டில் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். போகிறவர் தொலைபேசி மின்னேற்றியையும் கண்ணாடியையும் மருந்தையும் மறக்காமல் கொண்டுபோக வேண்டும். 2020 மார்ச்சில் யாழ்ப்பாணம் அரியாலையில் நடந்த கிறிஸ்தவ ஆராதனையோடு தொடர்புபட்ட தொற்றைத் தேடியதுபோன்ற நேரங்களில், போனவர்களின் பெயரையும் படத்தையும் முகநூலில் போடுவது ஊரைக் காப்பாற்றாது. அடுத்த ஆள் தன் காய்ச்சலை ஒளிப்பார்.

துக்கத்தைத் தள்ளிப் போட்டு மறந்துவிடுவது

செத்தவீடு நடக்காத சாவு மனதில் சாவாகவே பதிவதில்லை. முகம் பார்க்காமல், சனம் கூடாமல், பெட்டி நேரே மயானத்துக்குப் போன குடும்பங்களில் மாதங்கள் கழித்தும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 2021 பெப்ரவரி வரை அடக்கம் மறுக்கப்பட்டு, தங்கள் உறவினரின் உடல் எரியூட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு அது இரட்டைத் துக்கம்.

செய்யமுடியாததைச் செய்யவில்லை என்று விட்டுவிடாமல், பின்னுக்குச் செய்ய நாள் குறியுங்கள். படத்துக்கு விளக்கேற்றி அன்றன்றைக்கே தொடங்கலாம். எட்டுச் செலவைத் தொலைபேசியில் கூடியாவது நடத்தலாம், முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போக முடியாவிட்டால் வழி திறந்த பிறகு ஐயரைக் கேட்டுச் செய்யலாம். பிள்ளைகளுக்கு "அப்பப்பா வெளிநாடு போட்டார்" என்று சொல்லாதீர்கள். செத்துவிட்டார், திரும்பி வரமாட்டார், உன்னில் பிழையில்லை என்று நேரே சொல்ல வேண்டும். அதன்பிறகு படுக்கையை நனைத்தாலும் அடம்பிடித்தாலும் ஏசாதீர்கள், கொஞ்சக் காலத்துக்கு அப்படித்தான் இருக்கும்.

கேட்கப் பயப்படுவது

சாகும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கொடுத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டால் பெரும்பாலும் ஆளுக்கு ஆறுதலாகவே இருக்கும். "வாழ்ந்து என்னத்துக்கு" என்று அடிக்கடி சொன்னால், ஒதுங்கினால், சாமான்களைப் பிறருக்குக் கொடுத்தால், தனியே கூப்பிட்டு நேரடியாகக் கேளுங்கள். ஓம் என்றால் புத்தி சொல்லத் தொடங்காமல் கேட்டுக்கொண்டிருங்கள், தனியே விடாதீர்கள். வீட்டு மருந்துகளையும் தோட்டத்துப் பூச்சிமருந்தையும் பூட்டி, திறப்பை வேறு வீட்டில் வையுங்கள். ஆபத்தான பூச்சிநாசினிகளைத் தடைசெய்ததோடு இலங்கையில் தற்கொலைச் சாவுகள் பெரிதும் குறைந்தன, வீட்டுப் பூட்டும் அதே வேலையைச் செய்கிறது.

தனித்திருக்கும் முதியவர் ஓரிரு நாளில் சடுதியாகக் குழம்பி, பகலிரவு மாறி, ஆளை மறந்து கதைத்தால் மனவருத்தம் என்று முடிவெடுக்காதீர்கள். தொற்று, ஒட்சிசன் குறைவு, நீர்க்குறைவு, சீனிக் குறைவு எல்லாவற்றுக்கும் அது முதல் அறிகுறியாக இருக்கலாம். முதலில் ஒக்சிமீற்றரையும் சீனியையும் பார்த்துவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கதைக்க ஆள் வேண்டுமென்றால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926, இரவும் பகலும். 1333 என்ற இலக்கத்திலும் உளவளத்துணை கிடைக்கும். எடுத்தவுடன் தமிழில் கதைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.