மோஷன் சென்சாரைக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள்

தனியாக இருக்கும் பெரியவர் இரவில் எழுந்தால் தகவல் வர வேண்டுமா? மோஷன் சென்சாரைச் சுவரில் உயரமாக மாட்டாதீர்கள். கட்டில் சட்டத்தின் கீழே, தரையிலிருந்து 15–20 சென்டிமீட்டர் உயரத்தில், அவர் இறங்கும் ஓரமாகத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டைப் பார்த்தபடி ஒட்டுங்கள்.

இந்தச் சென்சார் உணர்வது உடல் சூட்டின் அசைவை. மெத்தை மறைப்பதால் மேலே புரண்டு படுப்பது அதற்குத் தெரியாது. பாதம் தரையில் பட்டதும் தெரிந்துவிடும். நேர் எதிரே வரும் அசைவைவிடக் குறுக்கே கடக்கும் அசைவைத்தான் இது சட்டென்று பிடிக்கும், அதனால்தான் இந்தத் திசை.

போர்வை நுனி தொங்கி லென்ஸை மறைத்தால் எல்லாம் வீண். படுக்கை விரித்ததும் ஓரத்தைச் செருகிவிட்டு, ஒருமுறை காலை ஊன்றிச் சோதித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இறங்குகிறவர் என்றால் இரண்டு சென்சார் வேண்டும்.

நாய், பூனை உலவும் வீட்டுக்கு இது ஒத்துவராது. அறை வெப்பம் 35 டிகிரி செல்சியஸை நெருங்கும் இரவுகளில் உடல் சூட்டைப் பிரித்தறிய முடியாமல் சென்சார் மந்தமாகும். முக்கியமாக, இது எழுந்ததைச் சொல்லுமே தவிர, நடந்துபோய் விழுந்ததைச் சொல்லாது. கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் அவசர பட்டனைக் கழற்றிவிடாதீர்கள்.