மார்கரிட்டா: பாட்டிலுக்குச் செலவழித்துவிட்டு ஐஸில் கோட்டைவிட வேண்டாம்

டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவில் கலக்கும் காக்டெயில் மார்கரிட்டா. பெங்களூரில் அதை வீட்டிலேயே கலக்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பப்பில் ஒரு கோப்பைக்குக் கொடுக்கும் பணத்தையும், இரவில் திரும்பி வர ஆட்டோவுக்கு அழும் பணத்தையும் கூட்டிப் பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. என் வியப்பெல்லாம் வேறு. பாட்டிலைத் தேர்ந்தெடுக்க நாள்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவர், எலுமிச்சையையும் ஐஸையும் உப்பையும் மட்டும் கைக்குக் கிடைத்தபடி எடுத்துப் போட்டுவிடுகிறார். பிறகு, டெக்கீலா சரியில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார்.

டெக்கீலா, ஆரஞ்சு லிக்யூர் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது), எலுமிச்சைச் சாறு ஆகிய மூன்றுதான் இதன் பொருள்கள். கோப்பையின் விளிம்பில் உப்பு. இவ்வளவு குறைவான பொருள்கள் இருக்கும்போது ஒன்றில் பிசகினால் இன்னொன்று அதை மூடி மறைக்காது. யார் முதலில் கலக்கியது என்பதில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் பலர் உரிமை கொண்டாடுகிறார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

எலுமிச்சையில் நடப்பவை

குறிப்பில் ‘லைம்’ என்று பார்த்ததும் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடி, விதையில்லாத பெரிய பச்சைப் பழத்தை அதிக விலைக்கு வாங்குவது வீண் வேலை. அது பாரசீக எலுமிச்சை. அமெரிக்கக் கடைகளில் அதுதான் அதிகம் கிடைக்கிறது என்பதால் அமெரிக்கர்கள் எழுதும் குறிப்புகளிலும் அதுவே இடம்பிடித்துவிட்டது. மெக்சிகோக்காரர்கள் அன்றாடம் பிழிவது சிறிய, மெல்லிய தோல் கொண்ட, விதை நிறைந்த பழம். தாவரவியலார் அதை சிட்ரஸ் ஆரன்டிஃபோலியா என்பார்கள். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தள்ளுவண்டியில் குவித்து வைத்து விற்கிறார்களே, அதே இனம்தான். ஆசியாவில் பிறந்து, அரேபியர் வழியாக மேற்கே போய், ஸ்பானியர்களின் கப்பலில் மெக்சிகோவை அடைந்த பழம் அது. புளியங்குடியிலிருந்து லாரி ஏறி வந்ததானாலும் சரி, விஜயபுர மாவட்டத்து இண்டியில் விளைந்ததானாலும் சரி, மார்கரிட்டாவுக்கு உரிய எலுமிச்சை உங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது.

ஆனால் இந்தப் பழத்துக்குப் புளிப்பும் வாசனையும் சற்றுத் தூக்கல், உருவமோ சிறியது. ‘ஒரு லைமின் சாறு’ என்று அமெரிக்கக் குறிப்பு சொன்னால் அது ஏறக்குறைய 30 மில்லியை மனத்தில் வைத்துச் சொல்கிறது. நம் பழம் ஒன்று அதில் பாதி தந்தாலே நல்ல பழம். கோடையில் விலை ஏறியிருக்கும் நேரத்தில் வரும் கல் போன்ற பச்சைக் காய்கள் அதுகூடத் தராது. ஆகவே பழத்தை எண்ணிக் கலக்கக் கூடாது; சாற்றை அளந்துதான் கலக்க வேண்டும். வாங்கும்போது தோல் வழவழப்பாகவும், கையில் எடுத்தால் உருவத்துக்கு மீறிய கனமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை மாறி மஞ்சள் படரத் தொடங்கிய பழத்தில் சாறு அதிகம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பிழியாமல் சிறிது நேரம் வெளியே வைத்து, மேடையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டிய பின் நறுக்குங்கள்.

பிழிவதிலும் ஒரு தவறு உண்டு. எலுமிச்சை பிழியும் கருவியில் பழத்தின் குமிழ்ப் பக்கம் கிண்ணத்தில் பொருந்துவதால் பலரும் அப்படியே வைத்து அழுத்துகிறார்கள். வெட்டிய பக்கம்தான் கீழே, துளைகளைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் சாறு நேராக இறங்கும். பாதி மேலே பீறிட்டுச் சட்டையில் தெறிக்காது. கடைசிச் சொட்டு வரை வதைக்கவும் வேண்டாம். தோலும் விதையும் நசுங்கினால் வரும் கசப்பை எந்தச் சர்க்கரையும் மறைக்காது. காலையில் பிழிந்து வைத்த சாறு மாலைக்குள் மங்கிவிடும். பாட்டிலில் விற்கும் லைம் கார்டியல் என்ற சர்க்கரைச் சாற்றை இதில் ஊற்றுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இதோடு தொடர்புள்ள ஒரு விஷயத்தைச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஞாயிறு பகலில் மொட்டை மாடியில் விருந்து வைத்து அங்கேயே வெயிலில் நின்று டஜன் கணக்கில் எலுமிச்சை பிழிவது ஆபத்து. எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃப்யூரனோகூமரின் என்ற பொருள், தோலில் பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தீக்காயம் போன்ற புண்ணை உண்டாக்கும். உடனே தெரியாது, ஓரிரு நாளில் சிவந்து, சிலருக்குக் கொப்புளமாகி, வாரக்கணக்கில் கறுப்புத் தழும்பாக நிற்கும். வீட்டுக்குள் பிழிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பின் மாடிக்குப் போங்கள். பெங்களூரில் காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்பதால் வெயில் சும்மா விட்டுவிடாது.

பாட்டிலில் பார்க்க வேண்டியது

டெக்கீலா, அகாவே என்ற கற்றாழை போன்ற செடியிலிருந்து வருகிறது. லேபிளில் ‘100% அகாவே’ என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தச் சொல் இல்லையென்றால், புளிக்கவைத்த சர்க்கரையில் 51 சதவீதம் மட்டும் அகாவேயிலிருந்து வந்திருந்தாலே போதும் என்று மெக்சிகோவின் விதி அனுமதிக்கிறது. மீதி கரும்புச் சர்க்கரையாக இருக்கலாம். பொன்னிறமாக இருப்பது உயர்ந்தது என்று நினைப்பதும் தவறு. விலை குறைந்த ‘கோல்டு’ பாட்டில்கள் பலவற்றில் அந்த நிறம் சேர்க்கப்பட்டது. மரப்பீப்பாயில் ஓராண்டுக்கு மேல் கிடந்த ‘அனேஹோ’ ரகத்தை வாங்கி அதில் எலுமிச்சையைப் பிழிவது பணத்துக்குச் செய்யும் கொடுமை. அதைத் தனியாகக் குடியுங்கள். நிறமற்ற ‘பிளாங்கோ’தான் இதற்கு ஏற்றது. இரண்டு மாதத்துக்குக் குறையாமல் பீப்பாயில் இருந்த ‘ரெபொசாதோ’வும் பரவாயில்லை.

மெக்சிகோவில் ஹலிஸ்கோ மாநிலத்திலும், வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் நீல அகாவேயிலிருந்து காய்ச்சினால்தான் டெக்கீலா என்ற பெயர் கிடைக்கும். அகாவே இனச் செடி நமக்குப் புதிதல்ல. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வரும்போது பாதையோரம் முள் நுனியோடு விறைத்து நிற்கும் ஆனைக்கற்றாழை அந்தக் குடும்பம்தான். தக்காணப் பீடபூமியில் வளரும் அகாவேயிலிருந்து காய்ச்சிய மதுவை டெஸ்மண்ட்ஜி, மாயா பிஸ்டோலா போன்ற இந்தியப் பெயர்களில் விற்கிறார்கள். டெக்கீலா என்று போட்டுக்கொள்ள அவற்றுக்கு உரிமையில்லை. ஆனால் உப்பும் புளிப்பும் சேரும் இந்தக் கலவையில் அவை தாராளமாக நிற்கும். இறக்குமதிப் பாட்டிலின் விலை கையைக் கடித்தால் தயங்க வேண்டாம்.

இனிப்பும் அளவும்

சர்வதேச பார்டெண்டர் சங்கம் வகுத்திருக்கும் அளவு, டெக்கீலா 50 மில்லி, ட்ரிபிள் செக் என்ற ஆரஞ்சு லிக்யூர் 20 மில்லி, சாறு 15 மில்லி. எனக்கு 60, 30, 20 பிடிக்கும். நம் எலுமிச்சையின் உக்கிரத்துக்கு இந்த விகிதம் ஒத்துப்போகிறது. எந்த விகிதமானாலும் அளக்க வேண்டும். ‘கண்ணளவு’ என்று பெருமை பேசுவதைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். 30 மில்லி பெக் அளவு இல்லையென்றால் இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட பிளாஸ்டிக் மூடியே போதும், மருந்து வாசனை போகக் கழுவியிருந்தால்.

ஆரஞ்சு லிக்யூருக்குப் பதிலாக ஆரஞ்சு ஸ்குவாஷ் ஊற்றினால் மிட்டாய்த் தண்ணீர்தான் கிடைக்கும். சர்க்கரையை அப்படியே போட்டால் குளிரில் கரையாமல் அடியில் தங்கும். நல்ல லிக்யூர் வாங்க மனமில்லாதவர்களுக்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோவின் ‘டாமிஸ்’ உணவகத்தில் ஹூலியோ பெர்மேஹோ என்பவர் லிக்யூரை நீக்கிவிட்டு அகாவே பாகை மட்டும் சேர்த்துப் புகழ்பெற்றார். உலகம் அதை ஏற்றுக்கொண்டு ‘டாமிஸ் மார்கரிட்டா’ என்றே அழைக்கிறது. அகாவே பாகு இல்லாவிட்டால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் சூடாக்கிக் கரைத்து ஆறவைத்தது போதும். கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கம்பிப் பதத்துக்குப் போனால் குலுக்கும் குவளையான ஷேக்கரில் ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். ஆரஞ்சு வாசனை வேண்டுமானால், நன்றாகக் கழுவிய குடகு ஆரஞ்சின் மேல்தோலை, உள்ளே இருக்கும் வெள்ளை நார் வராமல் சீவி, சூடான பாகில் போட்டு மூடி வையுங்கள். எலுமிச்சை ரசத்தைப் போல இங்கும் சாற்றைச் சூட்டில் சேர்க்கக் கூடாது. பாகு முழுதும் ஆறிய பிறகு, குலுக்கும் நேரத்தில்தான்.

ஐஸ்

பெரும்பாலான வீட்டு மார்கரிட்டாக்கள் வீணாவது இங்கேதான். ஃப்ராஸ்ட் ஃப்ரீ குளிர்பதனப் பெட்டிகளில் மேலறைக் காற்றும் கீழறைக் காற்றும் ஒன்றாகவே சுற்றுகின்றன. கீழே மூடாத கிண்ணத்தில் நேற்றைய சாம்பார், புளித்துப் பொங்கும் இட்லி மாவு, வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய மல்லிகைச் சரம். மேலே திறந்த தட்டில் ஐஸ். ஒரு வாரம் போனால் அந்த ஐஸ் கட்டியை வாயில் போட்டுப் பாருங்கள். வீட்டின் முழு வரலாறும் அதில் இருக்கும். அந்த ஐஸ்தான் கோப்பையில் கரையப் போகிறது. குலுக்கி முடிக்கும்போது கலவையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர் சேர்ந்துவிடும் என்பதால் ஐஸையும் ஒரு பொருளாகவே எண்ண வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் அடுக்ககங்களில் குழாய்த் தண்ணீரில் ஐஸ் வைக்காமல் குடிக்கும் தண்ணீரிலேயே வையுங்கள். முதல் நாள் இரவு புதிதாக ஊற்றி, தட்டை மூடி வைத்தால் போதும்.

தண்ணீர் கலந்துவிடும் என்று பயந்து இரண்டே கட்டி போடுகிறவர்கள் எதிர்விளைவைத்தான் பெறுகிறார்கள். ஐஸ் குறைவாக இருந்தால் கலவை குளிர்வதற்குள் அத்தனையும் கரைந்துவிடும். ஷேக்கரை முக்கால்வாசி நிரப்பி, பதினைந்து விநாடி வேகமாகக் குலுக்குங்கள். எஃகின் வெளிப்புறம் வெண்பனி பூத்து விரல்கள் மரக்கத் தொடங்கினால் ஆயிற்று. ஷேக்கர் இல்லையென்றால் இறுக்கமான மூடியுள்ள எஃகுச் சம்புடம் சரியாக இருக்கும். கண்ணாடி ஜாடியில் ஐஸ் போட்டுக் குலுக்க வேண்டாம். குலுக்கிய பழைய ஐஸைக் கோப்பையில் கொட்டாமல் வடிகட்டி, வேண்டுமானால் புதிய கட்டிகளின் மேல் ஊற்றுங்கள்.

மிக்ஸியில் அடிக்கும் உறைந்த மார்கரிட்டா வேறு சாதி. 1971இல் டல்லஸ் நகரத்து மாரியானோ மார்ட்டினெஸ் ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றியமைத்து அதைப் பிரபலமாக்கினார். அந்த இயந்திரம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கடும் குளிர் இனிப்பை மட்டுப்படுத்தும் என்பதால் அதற்குப் பாகு கூடுதலாக வேண்டும். பூண்டுச் சட்னி அரைத்த ஜாரைத் தேர்ந்தெடுக்காமலிருப்பது உங்கள் பொறுப்பு.

உப்பு

பாக்கெட்டில் வரும் தூள் உப்பு நாக்கில் பட்டதும் கரைந்து வெறும் கரிப்பாகிவிடும். நம் கல் உப்பே இதற்குச் சிறந்தது, ஆனால் அப்படியே போட்டால் விளிம்பில் நிற்காது. வெறும் வாணலியில் ஒரு நிமிடம் வறுத்து ஈரம் போக்கி, உரலில் ரவைப் பதத்துக்கு இடித்துக்கொள்ளுங்கள். பெங்களூர் மழைக்காலத்தில் வறுக்காத உப்பு கட்டி தட்டிவிடும். கோப்பையைத் தண்ணீரில் முக்கி உப்பில் கவிழ்ப்பதுதான் வழக்கமான தவறு. விளிம்பின் உட்பக்கம் ஒட்டிய உப்பு கலவைக்குள் விழுந்து கடல் தண்ணீராக்கும். எலுமிச்சைத் துண்டால் விளிம்பின் வெளிப்பக்கத்தை மட்டும் ஈரமாக்கி, பாதி வட்டத்துக்கு உப்பு ஒட்டினால் போதும். உப்பு வேண்டிய வாய்க்கு ஒரு பக்கம், வேண்டாத வாய்க்கு மறுபக்கம். உப்போடு சிறிது பியாடகி மிளகாய்த் தூள் கலந்தால் நிறம் அள்ளும், காரம் அளவாக இருக்கும்.

சாறு அல்ல, சரக்கு

இனிப்பும் புளிப்பும் சேர்ந்து மதுவின் காட்டத்தை மறைத்துவிடுவதால் இதை எலுமிச்சை ஜூஸ் வேகத்தில் குடிக்கிறவர்கள் உண்டு. கணக்குப் பாருங்கள். 60 மில்லி டெக்கீலாவும் 40 சதவீத வலிமையுள்ள 30 மில்லி லிக்யூரும் சேர்ந்தால் ஒரே கோப்பையில் 30 மில்லிக் கணக்கில் மூன்று ஸ்மால். இரண்டு கோப்பை என்றால் ஆறு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். விருந்தினர் வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிட்டு முதல் கோப்பையைக் கொடுப்பது நல்லது. வெறும் வயிற்றோடு வந்தவருக்கு முதலில் சுண்டலோ வறுத்த வேர்க்கடலையோ கொடுங்கள்.

பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் ஒவ்வொரு கோப்பையாகக் குலுக்கிக்கொண்டிருக்க முடியாது. அதற்காக எல்லாவற்றையும் ஜாடியில் கலந்து ஐஸைக் கொட்டி மேசையில் வைத்தால் அரைமணி நேரத்தில் சப்பென்று ஆகிவிடும். மதுவையும் பாகையும் மட்டும் முன்கூட்டியே கலந்து, அதில் கால் பங்கு குளிர்ந்த குடிநீர் சேர்த்து, மூடிய பாட்டிலில் குளிரவையுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு சாற்றைப் பிழிந்து சேருங்கள். ஐஸ் கோப்பைகளில் மட்டும். செம்புக் குவளையிலும் பித்தளைக் குடத்திலும் ஊற்றி அழகு பார்க்க வேண்டாம், எலுமிச்சைப் புளிப்பு உலோகத்தைத் தின்னும். சாறு சேர்க்காத மீதிக் கலவை மறுவாரம் வரை குளிர்பதனப் பெட்டியில் கெடாமல் இருக்கும்.