எம்.எஸ். உள்ளவர்கள் உடற்பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற அக்டோபரில் மும்பை மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் ஒரு பெண், பத்து மணி வெயிலில் வேகமாக நடந்துவிட்டு, இடக்கண் மங்கிவிட்டதென்று பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எம்.எஸ். என்று தெரிந்து ஆறு மாதம் ஆகிறதாம். (மாட்டுங்காவில் எம்.எஸ். என்றால் சுப்புலட்சுமிதான்; மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று விளக்குவதற்குள் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.) பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் அழுதேன். எல்லோரும் சொல்லும் பொது அறிவுரைகளை விட்டுவிட்டு, நான் பட்டறிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கண் மங்கியதும் படுத்துவிடுவது

இதில்தான் நான் மூன்று மாதங்களைத் தொலைத்தேன். மொட்டை மாடியில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகை எழுத்துகள் கரைந்து போயின. நோய் மறுபடி தாக்கிவிட்டதென்று முடிவுகட்டிப் படுத்தேன். அரை மணியில் எழுத்துகள் திரும்பிவிட்டன, நான் எழவில்லை. "உடம்பை அலட்டிக்காதே" என்று வீட்டார் சொன்னது போதாதென்று, அப்போது பார்த்த மருத்துவரும் ஓய்வெடுக்கச் சொன்னார். மூன்று மாதம் கழித்து, இரண்டாம் மாடிக்கு ஏற, முன்பு தொட்டே இராத கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

எம்.எஸ்.ஸில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைகிறது. சிதைந்த இடத்தில், உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே செய்தி தடைபடலாம். உடல் குளிர்ந்ததும் பழைய நிலை திரும்பிவிடும், புதிய சேதம் ஏதுமில்லை. 1890இல் இதை விவரித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப், உடல் உழைப்பே காரணம் என்று கருதினார். வெப்பம்தான் காரணம் என்பது பின்னரே தெளிவானது. ஆயினும், நோயாளிகளை அசையவிடாமல் வைக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1996இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், 15 வாரம் கைகளாலும் கால்களாலும் மிதிக்கும் கருவியில் பயிற்சி செய்தவர்களுக்கு உடல் தாங்குதிறனும் தசைப் பலமும் கூடியிருந்தன. அதற்குப் பிறகும் "அலட்டிக்காதே" என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மும்பையில் வெயிலைவிட ஈரப்பதம் பொல்லாதது: வியர்வை வழிகிறதே ஒழிய உலர்வதில்லை, ஆகவே உடல் குளிர்வதுமில்லை. விடிந்ததும் செய்யுங்கள், இல்லையேல் வீட்டில் மின்விசிறிக்கு நேரே செய்யுங்கள். கழுத்தில் ஈரத் துண்டு இருக்கட்டும். கண் மங்கினால் நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து, குளிர்ந்த நீர் குடித்துக் காத்திருங்கள். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் ஒரு புதிய அறிகுறி 24 மணி நேரத்தைத் தாண்டி நீடித்தால், அது தாக்குதலாக இருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

நல்ல நாளில் இரட்டிப்பாகச் செய்வது

மறுநாள் காலை தெரியும்.

நடை மட்டும் போதும் என்பது

போதாது. வாரம் இருமுறை தசைகளுக்கும் வேலை வேண்டும். சுவரோரம் போட்ட நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்து தொடங்கலாம்.

சிறுநீருக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பது

அந்தப் பெண்ணிடம் தண்ணீர் பாட்டில் இல்லை. வழியில் கழிப்பறை கிடைக்காதே என்றாள். நியாயமான அச்சம்தான், ஆனால் அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி அவசரத்தை இன்னும் கூட்டும். என் பாட்டிலைக் கொடுத்து, நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுவிட்டேன். இருபது நிமிடம் கழித்து, வலக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, எதிரே நின்ற காரின் எண்ணை அவளே வாசித்துக் காட்டினாள்.